ஏழு துப்பாக்கிகளின் பாடபேதம்

ஓலைச்சுவடியின் முன் முதன்முறையாக அமரும் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உடனே படிக்கத் தொடங்காதீர்கள். ஏடுகள் எத்தனை, ஏட்டெண்கள் வரிசையாக இருக்கின்றனவா, எழுத்து முழுவதும் ஒரே கையினதா, இடையில் வேறொரு கை புகுந்திருக்கிறதா, இறுதியில் எழுதியவர் பெயரும் நாளும் தாங்கிய குறிப்பு உண்டா என்பவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகே பாடத்துக்குள் நுழைய வேண்டும். சுவடி தன்னைப் பற்றித் தானே சொல்லும் செய்தி ஒன்று. அதை வைத்திருந்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லும் செய்தி வேறொன்று. இரண்டும் முரண்படும் இடத்தில் சுவடியையே நம்ப வேண்டும்.

பதிப்பியலின் இந்த அரிச்சுவடி, போர்க்களத்துப் பழைய ரைபிள்களுக்கு விலை மதிப்பிடும் வேலைக்கு அப்படியே பொருந்தும் என்பதை 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கண்டேன். துப்பாக்கியில் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் இருந்தபோது ‘சலாமி சஸ்த்ர்’ என்ற ஆணைக்குத் தூக்கி நிறுத்திய 303 ரைபிளின் ஏறத்தாழ நான்கு கிலோ எடை தோளில் நினைவிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் என் பெரியப்பா மகனுக்கு அது வாழ்நாள் ஈடுபாடு. பொறியியல் படித்து, அங்கேயே வேலைக்குச் சென்று, குடியுரிமை பெற்று, ஓய்வும் பெற்ற அண்ணன், முப்பது ஆண்டுகளில் ஏழு ரைபிள்களைச் சேர்த்திருந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் மறைந்தார். வீட்டை விற்றுவிட்டு மகள் வசிக்கும் தெருவுக்கே சிறிய வீடொன்றில் குடிபோவதென அண்ணி முடிவு செய்திருந்தார். கோடை விடுமுறையில் நான் போய்ச் சேர்ந்தபோது, வணிகர் ஒருவர் ஏழையும் பார்த்துவிட்டு, “மொத்தமாக 2,500 டாலர் தருகிறேன்” என்று சொல்லிச் சென்றிருந்தார்.

“கொடுத்துரலாமா தம்பி? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவர் இருந்தா சொல்லியிருப்பார்” என்றார் அண்ணி.

அண்ணன் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. எல்லாம் அவர் நினைவில் இருந்தன. நினைவு அவரோடு போய்விட்டது. எஞ்சியவை இரும்பும் மரமும், அவற்றின் மேல் பொறித்த எழுத்துகளும் எண்களுமே. எழுத்து என்றால் நம் வேலைதானே என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேனே தவிரத் தொடவில்லை. சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்போர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், சில விலக்குகள் தவிர, அனுமதிப்பதில்லை. ஆகவே அண்ணன் மகள்தான் ஒவ்வொன்றாக எடுத்தாள். தந்தையிடம் முறையாகக் கற்றவள். குழல்வாயைச் சுவரை நோக்கித் திருப்பி, போல்ட்டைக் கழற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே மேசைமேல் வைப்பாள். உருப்பெருக்கியை வைத்து அவள் பொறிப்புகளைப் படிக்க, நான் எழுதிக்கொண்டேன். ஒருவர் படிக்க ஒருவர் எழுதுவது சுவடி பெயர்ப்பின் பழைய முறையும்கூட.

*

விலை என்பது ஒருமைச் சொல் அன்று என்பதுதான் முதலில் தெளிந்தது. வணிகர் வாங்கும் விலை ஒன்று. அவர் விற்கும் விலை மற்றொன்று. விரும்பி வாங்குபவரும் கட்டாயமின்றி விற்பவரும் திறந்த சந்தையில் ஒத்துக்கொள்ளும் விலை இன்னொன்று. தொலைந்தால் அதைப் போன்றதை மீண்டும் வாங்க ஆகும் காப்பீட்டு விலை வேறொன்று. வணிகர் சொன்ன தொகையைக் கேட்டு அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கத் தேவையில்லை. அவருக்குக் கடை வாடகை உண்டு. சரக்கு விற்கும்வரை முதல் முடங்கும். பாதி விலைக்குச் சற்று மேலே கேட்பது அந்தத் தொழிலின் இயல்பு. நாம் எந்த விலையைக் கேட்கிறோம் என்று நமக்குத் தெரியாமல் இருப்பதே இடர்.

ஆண்டுதோறும் வெளிவரும் விலைநூல்கள் இருக்கின்றன. அவற்றுள் ‘புளூ புக்’ என்பது புகழ்பெற்றது. அச்சேறும்போதே சற்றுப் பழையதாகிவிடும் என்பதால் சேகரிப்பாளர்கள் அதைத் தொடக்கமாக மட்டுமே கொள்கிறார்கள். இணைய ஏலங்களில் கேட்கப்படும் விலையைப் பார்க்கக் கூடாது; விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கூடுதலாக வசூலிக்கும் கழிவு அந்தத் தொகையில் அடங்கியதா, இல்லையா என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் ‘இது என்ன’ என்ற வினாவுக்கு விடை வேண்டும். ஒரே மாதிரி, ஒரே ஆண்டு, ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு ரைபிள்களுள் ஒன்று மற்றதைப்போல் மும்மடங்கு விலை போகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

அண்ணனிடம் அத்தகைய இரட்டையர் இருந்தனர். இரண்டும் 1935-இல் ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட மவுசர் வகை, காரபீனர் 98கே. போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் தொழிற்சாலையின் பெயரைப் பொறிக்காமல் குறியெழுத்துகளால் மறைத்தார்கள். ‘பி.ஒய்.எஃப்.’ என்றால் ஓபர்ன்டார்ஃபிலிருந்த மவுசர் ஆலை, ‘டி.ஓ.டி.’ என்றால் ஜெர்மானியர் வசமிருந்த செக் நாட்டு பிர்னோ ஆலை. முதல் துப்பாக்கியில் பி.ஒய்.எஃப். 43 என்றும், இரண்டாவதில் டி.ஓ.டி. 43 என்றும் இருந்தன. முன்னது அழுக்கேறி, கட்டையில் கீறல் விழுந்து, சோர்ந்து கிடந்தது. பின்னது அரக்குப் பூச்சோடு பளபளத்தது. நானாக இருந்தால் பளபளப்பதைத்தான் உயர்ந்தது என்பேன். அண்ணியும் அப்படியே நினைத்திருந்தார்.

எண்கள் வேறு கதை சொல்லின. ஆலையிலிருந்து வெளிவரும் 98கே-யின் குழலடியில் உள்ள வரிசை எண், முழுமையாகவோ கடைசி இலக்கங்களாகவோ, போல்ட்டிலும் அதன் சிறு உறுப்புகளிலும், கட்டையின் வளையங்களிலும், மாகசினின் அடித்தகட்டிலும் மீண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கேறியதில் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அதே எண் வந்தது. 1943-இல் ஒன்றாகப் பிறந்த உறுப்புகள் இன்றுவரை பிரியவில்லை. பளபளத்ததிலோ குழலில் ஓர் எண், போல்ட்டில் அடிக்கப்பட்ட வேறொரு பழைய எண், அதன் அருகே மின்பேனாவால் கீறிய மூன்றாவது கை. கழுகு முத்திரைகள் சில கொத்தி அழிக்கப்பட்டிருந்தன. சோவியத் படை ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய ரைபிள்களைப் போருக்குப் பின் தன் பட்டறைகளில் மொத்தமாகப் பிரித்து, துடைத்து, கைக்கு வந்த உறுப்புகளைப் பொருத்தி, எண்களைப் புதிதாகக் கீறிச் சேமித்து வைத்தது. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘ரஷ்யன் கேப்ச்சர்’ என்கிறார்கள். சுடுவதற்குக் குறையில்லை, விலையோ பாதிக்கும் கீழ்.

பல ஏடுகளிலிருந்து பாடங்களைத் தேர்ந்து தொகுத்த பதிப்பும், ஒரே கை எழுதிய முழுச் சுவடியும் நூலகத்தில் ஒரே மதிப்புப் பெறுவதில்லை அல்லவா? படிப்பவருக்கு முன்னது வசதி; ஆய்வாளருக்குப் பின்னது உயிர்.

*

அழுக்கேறிய மவுசருக்கு ஒரு காயம் இருந்தது. அண்ணன் மகள் வளையத்தைக் கழற்றியபோது, அதன் அடியில் கட்டை குறுக்கே அறுக்கப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருப்பது தெரிந்தது. “யாரோ உடைச்சிட்டாங்க சித்தப்பா” என்றாள். உடைந்ததன்று, அறுத்தது. நாடு திரும்பும் அமெரிக்கச் சிப்பாய்கள், கைப்பற்றிய ரைபிள் தங்கள் நீள்பையில் அடங்க வேண்டும் என்பதற்காக, வளையம் மறைக்கும் இடமாகப் பார்த்துக் கட்டையை அறுத்தார்கள். ‘டஃபிள் கட்’ என்று இதற்குப் பெயரே இருக்கிறது. அறுப்பு விலையைக் குறைக்கிறது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து ஒரு சிப்பாயின் பையில் நேராக வந்தது என்பதற்கு அதுவே சான்றாகவும் நிற்கிறது. ஊனமே முகவரியாகும் விந்தை.

இன்னொரு சான்று, இல்லாமையால் அமைவது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அயல்நாட்டுப் படைகள் கழித்த ரைபிள்களை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1984-இல் சட்டம் திருத்தப்பட்டு, பழம்பொருள் வகையில் அடங்குவன மீண்டும் வரத் தொடங்கின. அப்படி வந்தவற்றின் மேல் இறக்குமதி நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். எனவே அத்தகைய பொறிப்பு இல்லாத ரைபிள் பெரும்பாலும் 1968-க்கு முன்னரே அங்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். பி.ஒய்.எஃப். மவுசரில் அது இல்லை, டி.ஓ.டி. மவுசரின் குழலில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் உறைக்குள் பிளாஸ்டிக் தாளில் மடித்து வைத்த ஒரு காகிதம் கிடைத்தது. பெயர் குறிப்பிட்ட சிப்பாய் இப்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று அவருடைய மேலதிகாரி 1945-இல் கையெழுத்திட்டுக் கொடுத்த போர்ப்பரிசுச் சான்று. சுவடியின் இறுதிக் குறிப்பு கிடைத்தாற்போல் மகிழ்ந்தேன். இத்தகைய தாள், ரைபிளின் எண்ணோடும் காலத்தோடும் பொருந்தினால், விலையைப் பல நூறு டாலர் உயர்த்தும். அந்தச் சிப்பாயின் பெயரை இங்கே எழுதவில்லை.

அண்ணி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது நம்மகிட்ட இருக்கறது தெரியுமா தம்பி?” என்று கேட்டார். தாளைத் தனியே எடுத்து அந்தக் குடும்பத்தைத் தேடி அனுப்பிவிடலாமா என்பது அவர் எண்ணம். எனக்கும் அது உயர்ந்த செயலாகத்தான் தோன்றியது. ஆனால் தாளும் ரைபிளும் பிரிந்தால் தாள் யாருக்கும் புரியாத காகிதமாகும், ரைபிள் பேச்சற்றதாகும். சிப்பாயின் வீட்டார் தாங்களே ஒருநாள் விற்றதால்தான் அது அண்ணன் கைக்கு வந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் விற்பது, விற்கும்போது அந்தப் பெயரை வாங்குபவர் அறியச் செய்வது என்று முடிவாயிற்று. அண்ணிக்கு முழுச் சம்மதம் இல்லை என்பதை அறிவேன்.

*

சேகரிப்பாளர்களிடையே ஒரு முதுமொழி உண்டு: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. இது ஹிட்லரின் மெய்க்காவலன் வைத்திருந்தது, இது நார்மண்டிக் கடற்கரையில் கண்டெடுத்தது என்று விற்பவர் சொல்லும் கதைகளுக்குத் தாள் இல்லையென்றால் விலை இல்லை. கதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது முதலில் கடுமையாகப் பட்டது. போலிகளைப் பற்றிப் படித்த பின் நியாயம் புரிந்தது.

கைபர் கணவாய்ப் பகுதியில், குறிப்பாக தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில், கம்மியர்கள் தலைமுறை தலைமுறையாக பிரித்தானியத் துப்பாக்கிகளைப் படியெடுத்து வருகிறார்கள். எளிய கருவிகளைக்கொண்டு அவர்கள் காட்டும் கைத்திறன் வியப்புக்குரியது. ஆனால் முத்திரை எழுத்துகளைப் பொருள் அறியாமல் ஓவியம்போல் வரைவதால், என்ஃபீல்ட் என்பதன் ஆங்கில ‘என்’ தலைகீழாகத் திரும்பி நிற்கும். விக்டோரியா அரசியின் முத்திரைக்குக் கீழே அவர் 1901 ஜனவரியில் மறைந்ததற்குப் பிந்தைய ஆண்டு இருக்கும். மொழியறியாத எழுத்தன் படியெடுத்த ஏட்டில் நாம் காணும் பிழைகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

தேர்ந்த போலிகள் வேறு வகை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பயன்படுத்திய குறிசுடு ரைபிள், நம்பர் 4 மார்க் 1 டி எனப்படுவது. நன்றாகச் சுடும் சாதாரண ரைபிள்களைத் தேர்ந்து, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் தொலைநோக்கி பொருத்தித் தந்தது. தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்தில் பொறிக்கப்படும்; ரைபிளின் எண் தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்தில் பொறிக்கப்படும். ஒன்று மற்றதற்குச் சாட்சி. சாதாரண நம்பர் 4-க்கும் இதற்கும் விலை வேறுபாடு பன்மடங்கு என்பதால், சாதாரணத்தை இதுவாக மாற்றுவோரும் பெருகினார்கள். அந்தச் சாட்சியையும் சேர்த்தே அவர்கள் புனைகிறார்கள் என்பதால், முத்திரையின் அச்சு, ஆழம், தேய்வு, அதன் மேல் படிந்த அழுக்கின் வயது வரை பார்க்க வேண்டியிருக்கிறது.

அழுக்கைப் பற்றி ஒரு சொல். விற்பதற்கு முன் எல்லாவற்றையும் நன்றாகத் தேய்த்து மெருகேற்றிவிடலாம் என்று அண்ணி சொல்லியிருந்தார். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கிய கை அல்லவா? இங்கே அது பெருந்தீங்கு. இரும்பின் மேலுள்ள ஆலைக் கருநீலப் பூச்சு எத்தனை விழுக்காடு எஞ்சியிருக்கிறது என்பது தர மதிப்பீட்டின் முதன்மை அளவுகளுள் ஒன்று. மணல்தாள் ஒருமுறை கட்டையின் மேல் ஓடினால் ஆய்வாளர் முத்திரைகள் மங்கிவிடும். மீண்டும் பூசிய பூச்சு அழகாக இருக்கும், விலை சரியும். உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, இரும்பில் சிறிது எண்ணெய் தடவி விட்டுவிடுவதே செய்யத்தக்கது. 1950-களிலும் 60-களிலும் ஆயிரக்கணக்கான ராணுவ ரைபிள்களின் கட்டையை வெட்டிச் சுருக்கி மான் வேட்டைக்கு ஆக்கிக்கொண்டார்கள். அன்று அது தவறாகத் தோன்றவில்லை. சரக்கு அவ்வளவு மலிவு. 1963-இல் கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்கானோ ரைபிள், தொலைநோக்கியுடன் 19.95 டாலருக்கு அஞ்சலில் வாங்கியது என்பது வரலாறு. தபால்வழித் துப்பாக்கி விற்பனைக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்ததற்கு அக்கொலையும் ஒரு காரணம்.

*

மற்றவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ரஷ்ய மோசின்-நாகன்ட். ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்ட வகை. சோவியத் ஒன்றியம் சிதறிய பின் பெட்டி பெட்டியாக, பிசுபிசுத்த காப்புக் கிரீஸில் மூழ்கி, அமெரிக்காவுக்கு வந்தது. 2000-களில் 100 டாலருக்குக் கீழ் கிடைத்தது. வரத்து நின்றதும் பல நூறு டாலர் ஆயிற்று. அண்ணனுடையது பட்டறையில் புதுக்கியது என்பதற்கான கட்டத்துள் சாய்கோட்டு முத்திரை தெளிவாக இருந்தது. அரிதின்மை என்பது பொருளின் இயல்பன்று, வரத்தின் இயல்பு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 2003-இல் நேபாள அரசின் பழைய ஆயுதக்கிடங்கான லகன் சிலேகானா அரண்மனையிலிருந்த பல்லாயிரம் பழந்துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கியபோது, அதுவரை தேடி அலைய வேண்டியிருந்த மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் எளிதில் கிடைக்கும் சரக்காயின.

ஜப்பானிய அரிசாகா 99. இதன் குழலடியில் பேரரசரின் பதினாறு இதழ்ச் சாமந்தி முத்திரை இருக்கும். தோல்விக்குப் பின் ஒப்படைக்கப்பட்டவற்றில் பெரும்பாலும் அந்தப் பூவை அராவி அழித்துவிட்டார்கள். பூ அழியாமல் இருந்தால் விலை கூடும். அண்ணனுடையதில் பதினாறு இதழும் இருந்தன. மொத்த விலை சொன்ன வணிகர் அதைக் குறிப்பிடவே இல்லை.

அமெரிக்காவின் எம்1 காரண்ட். ஜான் காரண்ட் வடிவமைத்து 1936-இல் படை ஏற்ற ரைபிள். ஒஹாயோவிலுள்ள கேம்ப் பெர்ரியில், குடிமக்கள் குறிசுடு திட்டத்தின் கடையில் அண்ணன் வாங்கியது. அமெரிக்கக் குடிமக்களுக்கே அது விற்கப்படும். குடியுரிமை கிடைத்த அதே ஆண்டில் அவர் போய் வாங்கி வந்தார் என்றார் அண்ணி. காரண்ட் உலகில் எண்கள் பொருந்துவதில்லை. உறுப்புகளில் வரைபட எண்களே இருக்கும். படைப் பட்டறைகளில் பிரித்துச் சேர்க்கும்போது உறுப்புகள் கலந்துவிடும். சிலர் பிற்காலத்தில் தேடிப்பிடித்து, அந்தந்த ஆண்டுக்குரிய உறுப்புகளையே பொருத்திச் ‘சரியான’ ரைபிளாக ஆக்குவார்கள். ‘சரியானது’ வேறு, ‘மூலமானது’ வேறு என்று சேகரிப்பாளர்கள் வேறுபடுத்துவதைப் படித்தபோது, பதிப்பாசிரியர் திருத்திய தூய பாடத்தையும் ஏடு தந்த பாடத்தையும் ஒன்றாக எண்ணும் மாணவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அண்ணனுடையது கலப்பே, ஆனால் திட்டத்தார் தந்த சான்றிதழும் பெட்டியும் பத்திரமாக இருந்தன. அதற்கு விலை உண்டு.

கடைசி இரண்டும் நம் நாட்டவை. வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் பிறந்தவை. முன்னது 1942-ஆம் ஆண்டின் 303. மகுடமும் அதன் கீழே, ஜார்ஜ் மன்னர்-பேரரசர் என்பதன் இலத்தீன் சுருக்கமான ஜி.ஆர்.ஐ. எழுத்துகளும் கொண்டது. பின்னது 2ஏ1 என்னும் வகை. 1962-இல் சீனாவுடனான போருக்குப் பின், அதே லீ-என்ஃபீல்ட் வடிவத்தை உறுதியான எஃகில் 7.62 தோட்டாவுக்கு ஏற்றவாறு இச்சாப்பூரில் மாற்றியமைத்தார்கள். மாகசின் சதுரமாகிப் பன்னிரண்டு தோட்டா கொள்ளும். மகுடத்தைத் தலையில் சுமந்து பிறந்த வடிவம், குடியரசின் தேவைக்காகத் தோட்டாவை மாற்றிக்கொண்டு நின்ற கதை அது. அமெரிக்கச் சந்தையில் இரண்டும் எளிய விலைக்குரியவை. ஏலத்தில் எவரும் கைதூக்கிப் போட்டியிடும் பொருள்கள் அல்ல.

*

புறநானூற்றில் ஔவையார், தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டுப் பாடிய 95-ஆம் பாட்டைத் தமிழ் படித்தோர் அறிவர். தொண்டைமானின் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழிக்கும் அப்பாட்டை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இன்றைய சேகரிப்பாளர் தொண்டைமானின் கட்சி என்பது என் முதல் முடிவு. போருக்கே போகாமல் பெட்டியில் உறங்கிய ரைபிளுக்குத்தான் உச்ச விலை. பயன்பட்ட ஒவ்வொரு நாளும் விலையைக் குறைத்த நாள்.

பட்டியல் வளர வளர அந்த முடிவு தளர்ந்தது. அறுபட்ட கட்டையும் மடித்த தாளும் கொண்ட அழுக்கு மவுசர்தான் ஏழிலும் மேலாக வந்தது. தூய்மை மட்டும் போதாது, பொய்யின்மை வேண்டும் என்றே சந்தை கேட்கிறது. தனக்கு நேர்ந்ததை மறைக்காத பொருளுக்கு அது ஓரளவு மரியாதை செய்கிறது. முழு மரியாதை என்று சொல்ல மாட்டேன். அந்த ரைபிளின் முன் நின்றவர் யார், என்ன ஆனார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஒரு கொலைக்கருவியின் விலையை ஆய்வாளர் முத்திரையின் கூர்மையால் அளப்பதில் உள்ள கூச்சம் அந்த இரண்டு வாரமும் என்னை விடவில்லை. விடாமல் இருந்ததும் நல்லதென்றே நினைக்கிறேன்.

பட்டியலில் எட்டுக் கட்டங்கள் போட்டிருந்தேன்: வகை, ஆலை, ஆண்டு, பொறிப்புகள், எண் பொருத்தம், நிலை, தாள், மதிப்பு. அண்ணன் மகள் அதைக் கணினியில் ஏற்றும்போது ஒன்பதாவதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: ‘அப்பா எங்கே வாங்கினார்’. எந்த ஊர்க் கண்காட்சி, உடன் யார் போனார்கள், அன்று மழையா பனியா என்று தாயும் மகளும் நினைவிலிருந்து சொல்லி நிரப்பினார்கள். நிரப்பி முடித்ததும் கேட்டாள்: “முப்பது வருஷம் அப்பா பார்த்துப் பார்த்து வச்சிருந்தாரே, அதுக்கு ஒரு டாலர்கூட ஏறாதா சித்தப்பா?”

ஏறாது. உடைமையாளர் அமைச்சராகவோ தளபதியாகவோ இருந்திருந்தால் ஏறும். அன்பு மரபுச்சான்று ஆகாது. ஆனால் அவர் எண்ணெய் தடவி வைத்ததால்தான் குழலுக்குள் துரு இல்லை. அவர் தாளைப் பத்திரப்படுத்தியதால்தான் அது இன்று சான்றாகிறது. ‘நிலை’, ‘தாள்’ என்ற கட்டங்களில் நாம் எழுதிய எண்களுக்குள் அவர் பெயர் தெரியாமல் இருக்கிறார் என்று சொன்னேன். அவள் அதை ஏற்றாளோ என்னவோ, மறுக்கவில்லை.

அண்ணி மொத்த விலைக்குக் கொடுக்கவில்லை. பட்டியலைப் பார்த்த ஏல நிறுவனம் ஒன்று ஐந்து ரைபிள்களை ஏற்றது. உரிமம் பெற்ற உள்ளூர்க் கடை வழியாக இச்சாப்பூர் 303 தனியே விற்றது. கழிவுகள் போக அண்ணி கைக்கு வந்தது, வணிகர் ஏழுக்கும் சேர்த்துச் சொன்னதைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல். புதுவீட்டுக்கு மாறும் செலவுக்கு அது உதவிற்று. சாமந்திப் பூ முத்திரை ஏலத்தில் தன் வேலையைச் செய்தது. மவுசரை வாங்கியவர், தாளிலுள்ள சிப்பாயின் படைப்பிரிவைத் தாம் ஆராய்ந்துவருவதாக எழுதியிருந்தார்; அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி ஆறுதலடைந்தார்.

எஞ்சியது 2ஏ1. நம் ஊரில் 303 போன்ற ராணுவத் தோட்டா வகைகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. இத்தகைய சேகரிப்புக்கும் சந்தைக்கும் இங்கே இடமில்லை. 2020 குடியரசு நாளில் உத்தரப்பிரதேசக் காவல்துறை 303 ரைபிள்களுக்கு விடைகொடுத்த செய்தியை அண்ணன் எனக்கு அனுப்பியிருந்தது நினைவுக்கு வந்தது. இச்சாப்பூரின் அந்த எளிய பொருளை ஏல நிறுவனம் விரும்பவில்லை, மகள் விரும்பினாள். வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் அண்ணி முதலில் மறுத்தார். போல்ட்டைக் கழற்றி ஒரு பூட்டில், ரைபிளை வேறொரு பூட்டில், தோட்டா ஒன்றுகூட வீட்டில் இல்லாமல் என்ற நிபந்தனையின் பேரில் இசைந்தார்.

காப்பீட்டுப் படிவத்தில் அதன் மதிப்பைக் கேட்டிருந்தார்கள். அண்மையில் விற்று முடிந்த மூன்று விலைகளைப் பார்த்து, நடுவிலிருந்ததை அவள் எழுதினாள். அது சரியான எண்தான். அந்தக் கட்டத்தில் அதற்கு மேல் எழுத இடமும் இல்லை.